காது போகும் என்று தெரிந்தும் பாடினார்கள்: 1600களின் இங்கிலாந்தும் வசைப்பாட்டும்

கேள்வி இதுதான்: அச்சிட முன் அனுமதி வேண்டும், எல்லை மீறினால் காதை அறுப்பார்கள் என்றிருந்த காலத்தில், 1600களின் இங்கிலாந்தில் மன்னரையும் அவருடைய ஆட்களையும் கிழித்து இத்தனை பாட்டுகள் எப்படி வந்தன, யார் எழுதினார்கள், அதனால் ஏதாவது நடந்ததா?

முதல் பாதிக்குப் பதில் எளிது. அவற்றில் பெரும்பாலானவை அச்சுக்கே போகவில்லை. கையால் எழுதி, மடித்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு போய் இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் ராத்திரி உட்கார்ந்து நகலெடுத்து மறுநாள் மூன்றாவது ஆளிடம் தள்ளிவிட்டு, இப்படித்தான் ஊர் ஊராகப் போயின. "யார் எழுதினார்கள்" என்பதற்கு முக்கால்வாசி பாட்டுகளுக்குப் பதிலே கிடையாது. அன்றைய அரசுக்கும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், எழுதியவரை விட்டுவிட்டு நகலெடுத்தவரையும் பாடியவரையும் கேட்டுச் சிரித்தவரையும் தேடினால்தான் இந்த விவகாரமே பிடிபடும். அரசும் கடைசியில் அதைத்தான் செய்தது.

அச்சு எப்படி அடைபட்டது என்பதைச் சட்டென்று பார்த்துவிடலாம். அச்சுத் தொழில் முழுக்க லண்டனில் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற, அச்சுக்காரர்களும் புத்தக வியாபாரிகளும் சேர்ந்த சங்கத்தின் பிடியில் இருந்தது, 1557-ல் அதற்கு அரச சாசனம். 1586-ல் வந்த உத்தரவுப்படி லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைத் தவிர எங்கும் அச்சுக்கூடம் வைக்கக் கூடாது. அப்புறம் 1599 ஜூன் 1 அன்று கேன்டர்பரி பேராயர் விட்கிஃப்ட்டும் லண்டன் ஆயர் பான்கிராஃப்ட்டும் சேர்ந்து, இனிமேல் அங்கதக் கவிதையும் எபிகிராம் என்கிற குத்தலான குறுங்கவிதையும் அச்சிடவே கூடாது என்று தடை போட்டார்கள். ஜான் மார்ஸ்டன், தாமஸ் மிடில்டன் ஆகியோரின் புத்தகங்கள் சில நாளிலேயே ஸ்டேஷனர்ஸ் மண்டபத்தில் எரிந்தன. ஜோசப் ஹால் என்பவரின் நூலுக்கு மட்டும் கடைசி நேரத்தில் விலக்கு கிடைத்தது, அவர் பிற்பாடு ஆயராகவே ஆனார் என்பது வேறு கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தடைக்கு முன் அச்சில் வந்த அங்கதம் பெரும்பாலும் சாதுவானது. ரோமானியப் புலவர்களைப் பார்த்து எழுதியது; பேராசைக்காரன், கோழை, பகட்டுக்காரன் என்று வகை வகையாக மனிதர்களைப் பிடித்து லத்தீன் பெயர் சூட்டித் திட்டும். கையெழுத்தில் உலவியதோ அப்படியில்லை. அதில் நிஜப் பெயர் இருக்கும், நோய் இருக்கும், படுக்கையறை இருக்கும், அமுக்கிய பணம் இருக்கும். அது முன்பே இருந்ததுதான், ஆனால் அச்சு வாசலை மூடியதும் கூர்மையாக எழுத விரும்பியவர்களுக்கு மிஞ்சிய ஒரே வழி அதுவானது.

சட்டம் என்ன சொன்னது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அதே விட்கிஃப்ட் 1604-ல் இறந்தார். குரோய்டனில் அவருடைய இறுதிச் சடங்கின்போது, உடல் வைத்திருந்த அலங்கார மேடையில் யாரோ ஒரு வசைப்பாட்டைக் குத்திவிட்டுப் போய்விட்டார்கள். பிடிபட்டவர் நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த லூயிஸ் பிக்கரிங், பியூரிட்டன் (தேவாலயத்தை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற கறாரான புராட்டஸ்டன்ட்) கனவான். வழக்கு ஸ்டார் சேம்பர் என்ற அரசரின் தனி நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஜூரி கிடையாது, மரண தண்டனையைத் தவிர வேறு எதையும் விதிக்கலாம். அரசுத் தரப்பு வழக்கறிஞரான எட்வர்டு கோக் இந்த வழக்கைப் பற்றி எழுதிவைத்த குறிப்புதான் பிறகு நூறாண்டுக்கும் மேலாக ஆங்கில அவதூறுச் சட்டத்தின் அஸ்திவாரமாக இருந்தது. சொன்னது உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது. ஆள் செத்துவிட்டாரே, செத்தவருக்கு என்ன மானம் என்று கேட்டால், அவர் பதவியில் இருந்தவர், அவரைத் திட்டினால் அரசைத் திட்டியது, அரசு சாவதில்லை. சரி, வழியில் ஒரு வசைப்பாட்டுத் தாள் கிடக்கிறது, எடுத்துவிட்டேன், என்ன செய்வது? தனிமனிதரைப் பற்றியது என்றால் எரித்துவிடலாம். பதவியில் இருப்பவரைப் பற்றியது என்றால் உடனே அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஸ்டார் சேம்பரில் வக்கீலாக இருந்த வில்லியம் ஹட்சன் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படிப்பட்ட பாட்டைப் பாடும்போதோ படிக்கும்போதோ கேட்டுச் சிரித்து மகிழ்வதும் சட்டத்தின் பார்வையில் அதை வெளியிட்டதாகவே கருதப்பட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்தால் நீங்களும் பதிப்பாளர்! இதைப் படித்ததும் கொடுமை என்றுதான் தோன்றும், ஆனால் ஹட்சனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இந்தப் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்தது அந்தச் சிரிப்புதான்.

எப்படிப் பரவியது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். லண்டனின் பழைய செயின்ட் பால்ஸ் தேவாலயம் (1666 தீயில் அழிந்தது) இருக்கிறதே, அதன் நடுக்கூடம் பகலில் வழிபாட்டு இடம் மாதிரியே இருக்காது. வக்கீல்கள், வேலை தேடுபவர்கள், கடன்காரர்கள், அரண்மனைச் செய்தி விற்பவர்கள் என்று எல்லோரும் மேலும் கீழும் நடந்துகொண்டே பேசுவார்கள். பாட்டுத் தாள் கைமாறுவதற்கு அதை விட நல்ல இடம் கிடையாது. அங்கிருந்து சட்டக் கல்லூரி விடுதிகளுக்கு, அங்கிருந்து வாரவாரம் போகும் பொதிவண்டிக்காரர்கள் மூலம் வெளியூருக்கு. கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் ஜோசப் மீட் என்ற அறிஞர் இருந்தார், லண்டனிலிருந்து வரும் செய்திகளைச் சேர்த்து சஃபோக்கில் இருந்த நண்பருக்கு வாராவாரம் கடிதம் போடுவது அவர் வழக்கம். புதுப் பாட்டு வந்தால் அதுவும் சேர்ந்து போகும். அதே சஃபோக்கில் சான்டன் டவுன்ஹாம் என்ற சிற்றூரின் பாதிரியார் ஜான் ரவுஸ், காதில் விழுந்ததையும் கைக்கு வந்ததையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போனார். 'இந்த வசைப்பாட்டுகளை நான் வெறுக்கிறேன், ஆனாலும் காலத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்' என்று ஓரிடத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு வரி. அந்த வரியையும் எதுகை சேர்த்துப் பாட்டாகவே எழுதியிருக்கிறார் மனுஷன். வெறுப்பு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை வாட்ஸ்அப் ஃபார்வர்டு என்று சொல்லிவிடத் தோன்றும், பலரும் சொல்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. ஃபார்வர்டுக்கு ஒரு விரல் போதும். இங்கே இறகுப் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எண்பது வரியை எழுத வேண்டும், தாளுக்குக் காசு, கையெழுத்து மாட்டிக்கொண்டால் அதுவே சாட்சி. இத்தனையும் தெரிந்து ஒருவர் நகலெடுத்தார் என்றால் அந்தப் பாட்டு அவருக்கு வேண்டியிருந்தது என்று பொருள். நகலெடுக்கும்போது மாற்றவும் செய்தார்கள்: பிடிக்காத வரியை விட்டுவிடுவது, புதிதாக இரண்டு வரி சேர்ப்பது, ஒரு பெயரை எடுத்து இன்னொன்றைப் போடுவது. அதனால்தான் ஒரே பாட்டுக்கு இருபது வடிவம் கிடைக்கிறது. மூல ஆசிரியர் யார் என்ற கேள்வி அங்கேயே பாதி செத்துவிடுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஒதுங்கி நிற்கவில்லை. தெரிந்த மெட்டில் கட்டினால் ஒரு தடவை கேட்டாலே மனதில் நின்றுவிடும். ஊர்ச் சண்டைகளில், பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியைப் பற்றியோ கறாரான பாதிரியாரைப் பற்றியோ பாட்டுக் கட்டி, எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதவைத்து, தேவாலயக் கதவிலோ மதுக்கடைச் சுவரிலோ ஒட்டிய வழக்குகள் ஸ்டார் சேம்பர் ஆவணங்களில் நிறைய. அரசியல் பாட்டும் அதே தடத்தில்தான் ஓடியது. 1627-ல் மன்னரின் செல்லப்பிள்ளையான பக்கிங்ஹாம் டியூக்கைப் பற்றிப் பாடியதற்காக ஊர் சுற்றும் பிடில்காரர்கள் சிலரைப் பிடித்து ஸ்டார் சேம்பரில் நிறுத்தினார்கள். அவர்கள் பாடியது மேலுக்குப் புகழ்ச்சி மாதிரிதான் இருக்கும். டியூக் நல்லவர், வல்லவர் என்று போய்க்கொண்டிருக்கும்போது, 'ஆனால் அப்படியே தலைகீழாக' என்ற பொருளில் ஒரு பல்லவி வந்து விழும். அவ்வளவுதான், முன்னால் சொன்ன புகழ்ச்சி அத்தனையும் திட்டாக மாறிவிடும். சாட்டையடியும், கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் பூட்டிச் சந்தையில் நிறுத்துவதும் தண்டனை.

எல்லாம் வன்மம் என்று நினைத்துவிடாதீர்கள். 1607 மார்ச் 4, நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை. ஸ்காட்லாந்தோடு இணைவது பற்றிக் காரசாரமாக விவாதம் ஓடிய நாட்கள். பிரபுக்கள் சபையிலிருந்து சர் ஜான் குரோக் ஒரு செய்தி கொண்டுவந்து கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஹென்றி லட்லோ என்ற உறுப்பினர் சத்தமாகக் குசு விட்டுவிட்டார். சபை சிரித்ததில் தூது வந்தவர் தடுமாறிப் போனார் என்று ஒரு உறுப்பினரின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. அதை வைத்து நண்பர்கள் கூடிக் கட்டிய பாட்டில், உறுப்பினர் ஒவ்வொருவராக எழுந்து அந்தக் குசுவைப் பற்றி நாடாளுமன்ற மொழியில் ஒரு கருத்துச் சொல்வார்கள், விதி பார்ப்பார்கள், முன்னுதாரணம் தேடுவார்கள். நகலெடுத்தவர்களெல்லாம் ஆளுக்கொரு உறுப்பினரைச் சேர்க்க, பாட்டு நீண்டுகொண்டே போனது. அந்த நூற்றாண்டு முழுக்க அதிகமாக நகலெடுக்கப்பட்ட பாட்டுகளில் இது ஒன்று. எனக்கு இன்றும் இதுதான் அந்தக் காலத்து அங்கதத்திலேயே சிரிப்பு வரவழைக்கிற ஒன்று.

வன்மத்துக்கு வருவோம். ஜேம்ஸ் மன்னரின் செல்லப்பிள்ளை ராபர்ட் கார், அவர் மணந்த பிரான்சஸ் ஹவர்டு, அந்தத் திருமணத்தை எதிர்த்த தாமஸ் ஓவர்பரி 1613-ல் லண்டன் டவர் சிறையில் செத்தது, அது நஞ்சு என்று 1615-ல் வெடித்தது, இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அப்போது உலவிய நான்கு வரிப் பாட்டு ஒன்று: ஒரு எடுபிடிப் பையன், ஒரு நைட், ஒரு வைகவுன்ட், ஒரு ஏர்ல், நால்வரும் ஒரே பெண்ணிடம் மயங்கினார்கள், பொருத்தம் நல்ல பொருத்தம்தான், ஏனென்றால் அவளும் நாலு பேர், மனைவி, சூனியக்காரி, நஞ்சு வைத்தவள், வேசி. முதல் தடவை படிக்கும்போது நான்கு காதலர்கள் என்று தோன்றும். இல்லை, நான்கும் ஒரே ஆள். அரண்மனை எடுபிடியாக வந்து, 1607-ல் நைட், 1611-ல் ரோச்செஸ்டர் வைகவுன்ட், 1613-ல் சாமர்செட் ஏர்ல் என்று பட்டம் பட்டமாக ராபர்ட் கார் ஏறிய படிக்கட்டு அது. மன்னரின் கண் பட்டால் ஒருவன் எவ்வளவு வேகமாக மேலே போகலாம் என்பதை ஒரே வரியில் அடக்கியாகிவிட்டது. மன்னரின் பெயரைச் சொல்லவே இல்லை. கொலைக்கு உடந்தையாக இருந்த நான்கு பேர் தூக்கில் தொங்கினார்கள், காரும் பிரான்சஸும் உயிர் தப்பினார்கள். அந்தக் கோபத்துக்கு அச்சில் இடம் கிடையாது.

காருக்கு அடுத்த செல்லப்பிள்ளைதான் ஜார்ஜ் வில்லியர்ஸ். 1614-ல் மன்னர் கண்ணில் பட்டவர், 1623-ல் பக்கிங்ஹாம் டியூக். ஜேம்ஸ் போய் சார்லஸ் வந்த பிறகும் அசையாமல் இருந்தார். முந்தைய மன்னரின் செல்லப்பிள்ளை அடுத்த மன்னருக்கும் செல்லப்பிள்ளையாவது அபூர்வம். அவர் மீது எழுதிய பாட்டுகளை மட்டும் அடுக்கினாலே ஒரு தொகுதி தேறும்.

ஜேம்ஸ் சும்மா இருக்கவில்லை. 1620 டிசம்பரிலும் 1621-லும் அரசு விவகாரங்களைப் பற்றி அதிகம் பேசாதீர்கள் என்று இரண்டு பிரகடனம் வெளியிட்டார். யாரும் கேட்கவில்லை. அப்புறம், மக்கள் கண்ணீர் என்ற பெயரில் வந்த ஒரு பாட்டுக்கு மன்னரே பாட்டாகப் பதில் எழுதி, அதையும் கையெழுத்தில் உலவவிட்டார். மன்னர்கள் கடவுளோடு சேர்ந்து நடப்பவர்கள், அவர்கள் ரகசியத்தை நோண்டாதீர்கள், உங்களுக்குப் போட்ட பாதையிலேயே போங்கள், பிரகடனம் போதாது என்றால் இதற்கு மேலும் செய்ய வேண்டிவரும் என்கிற ரீதியில் போகிறது அது. கவிதையாகப் பார்த்தால் சுமார்தான். அரசியலாகப் பார்த்தால் பெரிய சறுக்கல் என்பேன். 'பேசாதே' என்று சொல்வதற்காக, பேசுகிறவர்களின் மேடையிலேயே போய் நின்றுவிட்டார். வசைப்பாட்டு ஒரு நாட்டுக்குள் நடக்கும் உரையாடல் என்பதை அரியணையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

1627-ல் பக்கிங்ஹாம் பிரான்சின் ரே தீவுக்குப் படை நடத்திப் போனார். கோட்டையைப் பிடிக்க முடியாமல், போனவர்களில் பாதிக்கு மேல் இழந்து நவம்பரில் திரும்பினார். 'வந்துவிட்டாயா, உன் குற்றங்கள் அத்தனையோடும் திரும்பி வந்துவிட்டாயா' என்று தொடங்கும் பாட்டு அவரை முன்னால் நிறுத்திவைத்துக் கேட்பது போலவே போகும். உன் அம்மாவின் பூசைகளும் சிலுவைகளும் சூனியமும் இந்த இழப்பைத் தடுக்கவில்லையா என்று ஒரு இடத்தில் குத்துகிறது. அவர் அம்மா கத்தோலிக்கர். ஒரே வரியில் மதம், மந்திரம், தோல்வி மூன்றையும் முடிச்சுப் போட்டாகிவிட்டது. நியாயமான கேள்வியும் அப்பட்டமான மதவெறியும் இந்தப் பாட்டுகளில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

1628 ஜூன் 13. ஜான் லாம் என்ற சோதிடர், 'டாக்டர் லாம்' என்பார்கள், டியூக்கின் சூனியக்காரன் என்று பெயர் எடுத்தவர், நாடகம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கும்பல் துரத்தி அடித்தது; மறுநாள் செத்தார். சில நாட்களிலேயே ஒரு ஈரடி கிளம்பிவிட்டது: சார்லசும் ஜார்ஜும் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், டாக்டர் லாம் செத்த மாதிரிதான் ஜார்ஜும் சாகப்போகிறான். மன்னரை வெறும் சார்லஸ் என்று கூப்பிடுவதைக் கவனியுங்கள்.

அதே ஆண்டு எண் விளையாட்டு ஒன்றும் உலவியது. டியூக்கின் லத்தீன் பெயரை 'ஜார்ஜியஸ் டக்ஸ் பக்கிங்ஹாமியே' என்று எழுதுங்கள். அதில் ரோமன் எண்களாகவும் வருகிற எழுத்துகளை மட்டும் பொறுக்குங்கள் (ரோமன் எழுத்தில் யு-வும் வி-யும் ஒன்று): ஆயிரத்துக்கு ஒன்று, ஐந்நூறுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, ஐந்து மூன்று முறை, ஒன்று மூன்று முறை. கூட்டினால் 1628. அவன் முடிவு அவன் பெயரிலேயே எழுதியிருக்கிறது என்று ஆகிவிட்டது. நான் கூட்டிப் பார்த்தேன், சரியாகவே வருகிறது.

ஆகஸ்ட் 23 அன்று போர்ட்ஸ்மவுத்தில், கிரேஹவுண்ட் விடுதியில், ஜான் ஃபெல்டன் பத்துப் பென்ஸ் கத்தியால் பக்கிங்ஹாமைக் குத்திக் கொன்றார். ரே தீவில் போரிட்டவர். கேப்டன் பதவி கிடைக்கவில்லை, சம்பள பாக்கியும் வரவில்லை. அவரைக் கைதியாக லண்டனுக்குக் கொண்டு வரும் வழியில், கிங்ஸ்டனில் ஒரு கிழவி 'கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், சின்ன தாவீதே' என்று கத்தினாளாம். கோலியாத்தை வீழ்த்திய தாவீது. டியூக்கை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இரவில், காவல் போட்டு அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது அரசு நகலெடுத்தவர்களைத் துரத்தியது. 'உன் சிறைக்கு உன் சுதந்திரம் என்னவென்று தெரியட்டும்' என்ற பாணியில் ஃபெல்டனை வாழ்த்தி ஒரு பாட்டு வந்திருந்தது. அக்டோபர் 26 அன்று அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஹீத் விசாரித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? பென் ஜான்சனை, நாட்டின் முதல் கவிஞரை. அவர் சொன்ன பதில் இந்த உலகம் எப்படி இயங்கியது என்பதை அப்படியே காட்டுகிறது: சர் ராபர்ட் காட்டன் வீட்டில், சாப்பாடு முடிந்து மேசையில் கிடந்த தாளில்தான் பார்த்தேன், நான் எழுதவில்லை, நகலும் எடுக்கவில்லை, ஜவுச் டவுன்லி எழுதியதாகப் பேச்சு. சரி, டவுன்லியிடம் உன் குத்துவாள் எப்படிப் போனது? வெள்ளைக் கைப்பிடி போட்ட வாள், அவனுக்குப் பிடித்திருந்தது, கொடுத்தேன். டவுன்லி ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச்சைச் சேர்ந்த இளைஞர். பிடிபடாமல் ஹேக் நகருக்கு ஓடிவிட்டார்.

அலெக்சாண்டர் கில் ஓடவில்லை. லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் ஆசிரியர், தந்தை அங்கே தலைமை ஆசிரியர், கவிஞர் மில்டன் அங்கேதான் படித்தார். ஆக்ஸ்ஃபோர்டு டிரினிட்டி கல்லூரியின் மது அறையில் நண்பர்களோடு உட்கார்ந்து ஃபெல்டனுக்கு நலம் பாராட்டிக் குடித்தார். அதோடு நிறுத்தவில்லை. இந்த மன்னர் நாடாள்வதை விட, சீப்சைடு கடைவீதியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு 'என்ன வேணும் உங்களுக்கு' என்று கூவத்தான் லாயக்கு என்றார். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நண்பர் அறையைச் சோதித்ததில் பாட்டுகளும் கடிதங்களும் சிக்கின. தீர்ப்பு: பாதிரிப் பட்டமும் படிப்புப் பட்டமும் பறிப்பு, 2000 பவுண்டு அபராதம், ஒரு காது லண்டனில், மற்றொன்று ஆக்ஸ்ஃபோர்டில். ஊருக்கு ஒரு காது! தந்தை மன்றாடியதில் காது இரண்டும் தப்பின, 1630-ல் மன்னிப்பும் கிடைத்தது.

நவம்பர் 29 அன்று ஃபெல்டனைத் தூக்கிலிட்டு, உடலை போர்ட்ஸ்மவுத்தில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். பார்த்துப் பயப்படட்டும் என்று. அதற்கும் பாட்டு வந்தது, அதுவும் என் கணக்கில் அந்தக் காலத்து அரசியல் பாட்டுகளில் ஆகச் சிறந்தது. புதைக்காமல் இங்கே தொங்குகிறது ஃபெல்டனின் உடல், கல்லறைச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல என்று கிண்டலாகத் தொடங்கி, மண் மறுத்த இடத்தில் வானமே இவனுக்குக் கல்லறைக் கூரை என்று ஏறிப் போகிறது. அவமானப்படுத்தத் தொங்கவிட்ட உடலை, அதே காட்சியை வைத்தே மரியாதையாக மாற்றிவிட்டார் பெயர் தெரியாத யாரோ ஒருவர். இத்தனைக்கும் ஒரு வசைச் சொல் கிடையாது.

சரி, பாட்டுதான் பக்கிங்ஹாமைக் கொன்றதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஃபெல்டனே சொன்னது, ஜூனில் காமன்ஸ் சபை டியூக்கை நாட்டின் கேடுகளுக்குக் காரணம் என்று பெயர் சொல்லி மன்னரிடம் கொடுத்த கண்டன மனுவைப் படித்துத்தான் முடிவெடுத்தேன் என்று. அது உரைநடை, அதிகாரபூர்வமானது. பாட்டு செய்தது வேறு. ஒரு கொலையைக் கேட்டதும் 'ஐயோ' என்பதற்குப் பதில் 'தாவீதே' என்று கத்துகிற ஒரு கூட்டத்தைப் பத்து வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தது.

இவர்களையெல்லாம் மக்களாட்சிக்குப் போராடியவர்கள் என்று தூக்கி வைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் மீது வெறுப்பு, கத்தோலிக்கர் மீது வெறுப்பு, பெண்கள் மீது அருவருப்பான வசை, உடல் குறையைக் கேலி செய்வது (1612-ல் இறந்த அமைச்சர் ராபர்ட் செசிலின் கூன் முதுகை விடவே இல்லை) எல்லாம் இதில் கொட்டிக் கிடக்கிறது. அரண்மனைக்குள்ளேயே ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டியைக் கவிழ்க்க எழுதிப் பரப்பியதும் உண்டு.

1641-ல் நாடாளுமன்றம் ஸ்டார் சேம்பரை ஒழித்தது, அச்சுக்கூடங்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகின, உள்நாட்டுப் போர்க்காலம் முழுக்க அச்சிலேயே திட்டிக்கொண்டார்கள். அந்தப் போரில் விழுந்த மன்னராட்சி திரும்பியதும் 1662-ல் அச்சுக்கு மறுபடி உரிமச் சட்டம். தணிக்கைக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச், நாற்பது வசையில் ஒன்றுகூட அச்சுக்கு வருவதில்லை, ஆனாலும் கையெழுத்து உதவியால் அச்சில் வந்தது போலவே பரவிவிடுகிறது என்று புலம்பியிருக்கிறார். ராபர்ட் ஜூலியன் என்பவர் அதையே தொழிலாக வைத்திருந்தார், நகல் எடுத்துக் காபிக் கடைகளில் விற்பது, 1684-ல் மாட்டினார். ரோச்செஸ்டர் ஏர்ல் (முன்னால் பார்த்த கார் அல்ல, ஜான் வில்மட் என்ற கவிஞர்), இரண்டாம் சார்லசுக்கு ஏதோ ஒரு பாட்டைக் காட்டப் போய், குடிபோதையில் சட்டையிலிருந்து மன்னரையே திட்டிய தாளை எடுத்துக் கொடுத்து அரண்மனையை விட்டு ஓட வேண்டிவந்த கதையும் இந்தக் காலம்தான். பிரபுவுக்கு நடந்தது அவ்வளவுதான். ஸ்டீபன் காலேஜ் என்ற தச்சருக்கு அப்படி முடியவில்லை. மன்னரை ஊர் ஊராகப் பெட்டி சுமந்து வேடிக்கை காட்டுபவராகக் கிண்டல் செய்த பாட்டு அவருக்கு எதிரான சாட்சிகளில் ஒன்று. லண்டன் ஜூரி வழக்கை ஏற்க மறுத்ததால் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாற்றி, 1681 ஆகஸ்ட் 31 அன்று தூக்கிலிட்டார்கள்.

படிக்க ஆசை இருந்தால் 1640 வரையிலான பாட்டுகள் 350-க்கும் மேல் 2005-லிருந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, குறிப்புகளோடு. ரே தீவுப் பாட்டில் தொடங்கி ஃபெல்டனின் உடலைப் பற்றிய பாட்டுக்குப் போங்கள். பழைய எழுத்துக்கூட்டல் முதல் அரை மணி நேரம் தொல்லை கொடுக்கும், வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். மெட்டுப் பெயர் போட்டிருந்தால் அந்த மெட்டையும் தேடிக் கேட்டுவிட்டுப் படியுங்கள்.